தெரிந்தவர்கள் இல்லாத மைதானம்

ரொறன்ரோவில் வோபர்ன் பகுதியில் செல்வரட்ணத்தின் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினால் வாகீசன் ஹோர்ன் அடிப்பதில்லை. இறங்கிப்போய் மணியை அழுத்துவதும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருப்பான். சிறிது நேரத்தில் கதவு திறக்கும். முதலில் பிரவீனன் ஓடி வருவான். பின்னால் துர்க்கா, தம்பியின் ஜக்கெற்றையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல் வருவாள். மேல்மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நிலாணி நிற்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

துர்க்கா வயிற்றில் இருந்தபோது கொழும்பில் விமானம் ஏறியவன் அவன். மனைவியும் மகளும் ரொறன்ரோ வந்து சேர்ந்தபோது மகள் நடக்கப் பழகி, ஓடவும் பழகியிருந்தாள். பிறகு பிரவீனன் பிறந்தான். வாகீசன் பகலில் பாண் தொழிற்சாலையிலும் மாலையில் ஓர் உணவகத்தின் பின்கட்டிலும் வேலை செய்தான். வீட்டில் அவன் விழித்திருந்த நேரம் குறைவு. அந்தக் குறைந்த நேரத்திலும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். போன குளிர்காலத்தில் ஒரு நாள், ரெலிபோன் பில் பற்றித் தொடங்கிய பேச்சில், நிலாணியைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். துர்க்கா மேசையில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிலாணி கத்தவில்லை, அழவும் இல்லை. மறுநாள் அவன் வேலையால் வந்தபோது வீட்டில் ஆட்கள் இருக்கவில்லை. அவள் பிள்ளைகளுடன் தமையன் செல்வரட்ணத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். லோயர்கள் பேசி, ஞாயிறு பகல் பிள்ளைகள் தகப்பனோடு என்று முடிவாயிற்று.

பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது என்பதுதான் பிரச்சினை. அவன் இப்போது சென் ஜேம்ஸ் ரவுணில், வேறு இரண்டு பேரோடு ஓர் அறையில் இருந்தான். முதல் ஞாயிறு றிச்மண்ட் ஹில் கோவிலுக்குக் கூட்டிப்போனான். செருப்புக் கழற்றும் இடத்தில் பாலேஸ்வரி அன்ரி பிள்ளைகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, "என்ன, தகப்பனும் பிள்ளையளும் மட்டுமோ? நிலாணி வரேல்லையோ?" என்று கேட்டாள். அவனுக்கு முகம் சுட்டது. எல்லாம் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே கேட்கிறாள் என்று நினைத்தான். பூசை முடியுமுன்பே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். அடுத்தடுத்த வாரங்களில் தமிழ்க் கடையில், மோலில், பூங்காவில், எங்கே போனாலும் யாராவது தெரிந்தவர் எதிர்ப்பட்டார். ஒவ்வொரு முகத்திலும் நிலாணியின் கன்னத்தில் விழுந்த அந்த அறை தெரிந்தது அவனுக்கு.

தொழிற்சாலையில் அவனோடு பாண் சுடும் சூளையடியில் நின்றவன் டெக்லன். அயர்லாந்துக்காரன், பேச்சை நிறுத்தத் தெரியாதவன். வாகீசனுக்கு ஞாயிறுகள் ஏன் சுமையாக இருக்கின்றன என்று அவனுக்குப் பாதிதான் தெரியும். "எங்கள் மட்ச்சுக்குப் பிள்ளைகளைக் கொண்டு வா. அங்கே ஒருவரும் உன்னைக் கேள்வி கேட்கமாட்டார்கள்" என்றான்.

மைதானம் நகரின் மேற்கு ஓரத்தில், விமான நிலையம் இருக்கும் பக்கமாக இருந்தது. ஒரு பக்கம் புல்மேடு. மறுபக்கம் கொங்கிறீற் படிகள். இருக்கைகள் இல்லை, நின்றுதான் பார்க்கவேண்டும். கடைசிப் படிக்குக் கீழே ஓர் இரும்பு வேலி. அயர்லாந்துக்காரர்கள் ஆடுகிற பந்தாட்டம் இவன் ஊரில் ஹார்ட்லிக் கல்லூரியில் ஆடியதைப் போன்றதல்ல. பந்தைக் கையாலும் எடுக்கலாம், காலாலும் அடிக்கலாம். கம்பத்துக்கு மேலால் போனாலும் புள்ளி உண்டு. ஆளை ஆள் தோளால் இடித்து விழுத்தினாலும் நடுவர் பேசாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எங்கட ரீம் எது?" என்று பிரவீனன் கேட்டான்.

"பச்சை."

"ஏன்?"

"டெக்லன் அங்கிள் பச்சை. அதாலை நாங்களும் பச்சை."

அது போதுமாயிருந்தது பிரவீனனுக்கு. பச்சைக்காரர் பந்தைத் தொட்ட போதெல்லாம் கத்தினான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அவனுக்குத் தன் தொப்பியைப் போட்டுவிட்டார். துர்க்கா மட்டும் கைகளை ஜக்கெற் பைக்குள் விட்டபடி ஆட்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். காரில் திரும்பும்போது, "அப்பா, அங்க ஒருத்தருக்கும் எங்களைத் தெரியாது, என்ன?" என்றாள்.

"ஓம், பிள்ளை."

"ஸ்கூலிலை எல்லாரும் கேக்கினம் ஏன் மாமா வீட்டிலை இருக்கிறன் எண்டு."

அந்தக் கோடை முழுக்க, ஞாயிறு தோறும், அவர்கள் அங்கேயே போனார்கள். வாகீசனுக்கு அது ஒளிந்திருக்க ஓர் இடம். ஆட்டத்தின் பாதியில் டெக்லனின் மனைவி தரும் சான்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டு, தன் சொந்த ஆட்கள் ஒருவரும் இல்லாத அந்தப் படியில் பிள்ளைகளோடு நிற்கையில், தான் ஒரு சாதாரணத் தகப்பன் என்று அவனுக்குத் தோன்றும்.

கோடை முடிகிற நேரம், அயர்லாந்திலிருந்து ஓர் அணி ரொறன்ரோ ஆட்களோடு ஆட வந்தது. டெக்லன் இரண்டு வாரமாக அதைப் பற்றியே பேசினான். அன்று காலை தொடங்கிய தூறல் விடவில்லை. வழக்கமாகக் கார் விடும் இடத்தில் இடமில்லாமல் நெடுந்தூரம் நடந்து வந்தார்கள். படிகளில் கால் வைக்க இடமில்லை. ஈரக் கம்பளியும் பியரும் சேர்ந்த ஒரு மணம். முன்னால் முழுக்க முதுகுகள்தான்.

"அப்பா, எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று பிரவீனன் சிணுங்கினான். வாகீசன் அவனைத் தூக்கித் தோளில் இருத்தினான்.

"எனக்கும் தெரியேல்லை" என்றாள் துர்க்கா.

இரண்டு பேரைத் தூக்க முடியாது. கீழே வேலியடியில் வேறு சில பிள்ளைகள் நிற்பது ஆட்களின் இடைவெளியில் தெரிந்தது. "பிள்ளை, நீங்கள் கீழ போய் அந்த வேலியைப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. அங்க நல்லாத் தெரியும். நான் இஞ்ச நிண்டு பாக்கிறன்."

"நீங்களும் வாங்கோவன்."

"தம்பியோடை இதுக்குள்ளாலை இறங்கேலாது. போங்கோ, பயப்பிடாதேங்கோ."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பிறகு ஆட்களின் இடுப்புக்கிடையால் நுழைந்து இறங்கிப் போனாள். அவளுடைய மஞ்சள் மழைக்கோட்டு வேலியடியில் தெரிந்ததும் அவன் கையை உயர்த்தினான். அவள் திரும்பவில்லை.

ஆட்டம் முடியப்போகும் நேரம். உள்ளூர்ப் பச்சைக்காரர் புள்ளிகளில் பின்தங்கியிருந்தார்கள். பச்சைச் சட்டையோடு ஒருவன் பந்தைக் காலாலும் கையாலும் தட்டித் தட்டிக்கொண்டு நடு மைதானத்திலிருந்து ஓடிவந்து, வலைக்குள் அடித்தான். படி முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது. மேலே நின்றவர்கள் வேலியை நோக்கிப் பாய்ந்தார்கள். ஈரக் கொங்கிறீற்றில் யாரோ சறுக்க, அவருக்குப் பின்னால் நின்றவர்கள் அவர்மேல் விழ, முழுக் கூட்டமும் சரிந்தது. வாகீசனையும் அது சில படிகள் கீழே தள்ளிக்கொண்டு போனது. பிரவீனனின் கால்களை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தபடி, "துர்க்கா!" என்று கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. தோளில் இருந்தவன் கோல் அடித்த சந்தோஷத்தில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

மஞ்சள் கோட்டைக் காணவில்லை.

அவன் முழங்கையால் இடித்தான். தமிழில் திட்டினான். ஓர் அடியும் நகர முடியவில்லை. மகனை இறக்கினால் அவனும் மிதிபடுவான். இறக்காவிட்டால் மகளிடம் போக முடியாது. அப்படியே நின்றான். பிறகு கீழே யாரோ ஒரு பெண் கீச்சிட்டாள். ஆட்கள் பின்னால் திரும்பி, "தள்ளாதே! தள்ளாதே!" என்று கைகளை விரித்தார்கள். வேலியடியிலிருந்து பெரிய கைகள் ஒரு மஞ்சள் பொருளைத் தலைகளுக்கு மேலே தூக்கின. அந்தக் கைகளிலிருந்து வேறு கைகளுக்கு, அவற்றிலிருந்து வேறு கைகளுக்கு என்று மாறி, துர்க்கா ஆட்களின் தலைகளுக்கு மேலால் பக்கவாட்டில் போனாள். இடக்கை ஒரு மாதிரி மடங்கித் தொங்கியது. அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பிப் படிகளில் தேடினாள். அவனைக் கண்டதும் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் கடைசிக் கைகள் அவளை மைதானத்துக்குள் இறக்கிவிட்டன.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்து, முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். பெண் டொக்டர் ஒருத்தி, எப்படி நடந்தது என்று கேட்டாள். துர்க்கா ஆங்கிலத்தில், ஒரு பாடத்தை ஒப்புவிப்பது போலச் சொன்னாள்: அப்பா என்னைக் கீழே போய் நிற்கச் சொன்னார், தம்பி அப்பாவின் தோளில் இருந்தான், ஆட்கள் விழுந்தார்கள். டொக்டர் எழுதிக்கொண்டாள்.

நிலாணியும் செல்வரட்ணமும் வந்தார்கள். செல்வரட்ணம் அவனைத் தாண்டி நேரே பிள்ளையிடம் போனார். நிலாணி மகளின் தலையைத் தடவி, கட்டுப்போடும்வரை பக்கத்தில் நின்று, பிறகுதான் வெளியே நடைவழிக்கு வந்தாள். மாதக்கணக்கில் அவளை இவ்வளவு கிட்ட அவன் பார்த்ததில்லை. தலைமுடியில் நரை தெரிந்தது.

"உந்த இடத்துக்கு ஏன் கொண்டு போனனீங்கள்?"

"அங்க ஒரு பிரச்சினையும் வராது எண்டு நினைச்சன்."

"எங்கட பிள்ளையளைக் கோயிலுக்குக் கொண்டு போகலாம். கடைக்குக் கொண்டு போகலாம். வெள்ளைக்காரர் குடிச்சுப்போட்டுக் கத்திற இடந்தானோ கிடைச்சது?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கோயிலுக்கு எந்த முகத்தோடை போறது? எல்லாரும் கேக்கினம். பாலேஸ்வரி அன்ரி முதல் நாளே குத்திக் கேட்டவ, நிலாணி எங்க எண்டு."

நிலாணி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ குத்திக் கேக்கேல்லை. அவவுக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"ஒண்டும் தெரியாது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்ணாவுக்கும் லோயருக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு ரெண்டு வேலை, அண்ணா வீடு ஸ்கூலுக்குக் கிட்ட, அதாலை அங்க இருக்கிறம் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். பாலேஸ்வரி அன்ரிக்கும் அதைத்தான் சொன்னனான்."

அவன் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"ஏன்?" என்றான்.

"ஏனெண்டால்..." அவள் நிறுத்தினாள். "ஒருநாளைக்கு நீங்கள் வந்து மணியடிப்பியள் எண்டு நினைச்சன். ஞாயிறுக்கு ஞாயிறு ஜன்னலடியிலை நிண்டு பாத்தனான். நீங்கள் காரை விட்டு இறங்கவே இல்லை. என்னட்டை ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..."

"நிலாணி..."

"வேண்டாம். இப்ப வேண்டாம். என்னை அடிச்சதை நான் மூடினன். பிள்ளையின்ரை கை முறிஞ்சதை என்னெண்டு மூடுறது? நாளைக்கு ஸ்கூலிலை கேப்பினம். இனிச் சொல்லத்தான் வேணும்."

அவள் உள்ளே போய்விட்டாள். செல்வரட்ணம் பிரவீனனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மைதானத்துக் கிழவர் போட்டுவிட்ட தொப்பி அவன் தலையில் கோணலாக இருந்தது. நித்திரையாகிவிட்டான். "நாங்கள் வெளிக்கிடுறம்" என்று செல்வரட்ணம் பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

லோயரின் கடிதம் வந்தபோது அவன் எதிர்க்கவில்லை. மேற்பார்வையில்லாமல் பிள்ளைகளைக் கொண்டுபோகக் கூடாது என்று ஆயிற்று. சனிக்கிழமைகளில், ஓர் அலுவலகக் கட்டடத்தின் அறையில், ஒரு பெண் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மணித்தியாலம். தரையில் பழைய விளையாட்டுச் சாமான்கள். வண்ணப் பென்சில்கள் பாதி முறிந்திருந்தன. பிரவீனன் அவன் மடியில் ஏறி, "பச்சை வெண்டதோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். வென்றதா தோற்றதா என்று வாகீசனுக்கே தெரியாது. டெக்லனிடம் கேட்கவும் இல்லை. சூளையடியில் இப்போது இருவரும் அதிகம் பேசுவதில்லை. "வெண்டது" என்று மகனுக்குச் சொன்னான்.

துர்க்கா கட்டுப்போட்ட கையைச் சுமந்துகொண்டு எதிரில் இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கட்டு அவிழ்த்த பிறகு ஒரு சனிக்கிழமை, படம் கீறிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்:

"அப்பா, அண்டைக்கு ஏன் என்னைக் கீழ விட்டனீங்கள்?"

"தம்பி சின்னவன் எண்டு..."

"நானும் சின்னப் பிள்ளைதானே."

மூலையில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் விளங்காது. இருந்தும் அவள் கையில் இருந்த பத்திரிகையைத் தாழ்த்தினாள்.

"ஓம், பிள்ளை" என்றான் வாகீசன். "நான் விட்டது பிழை. அம்மாவுக்குச் செய்ததும் பிழை. நீங்கள் பாத்தனீங்கள்தானே."

துர்க்கா தலையாட்டினாள். "பாத்தனான்."

"அம்மாட்டை அதைச் சொல்லவேணும் எண்டு நினைக்கிறன்."

"அம்மா இனிக் கேக்கமாட்டா" என்றாள் அவள், பெரிய ஆள் போல, கோபமில்லாமல். பிறகு திரும்பவும் பென்சிலை எடுத்தாள்.

இருந்தும் அடுத்த வாரம் வேலை முடிந்து நேரே வோபர்னுக்குப் போனான். காரை நிறுத்தி, இறங்கி, படியேறி மணியை அழுத்தினான். கதவைத் திறந்தது செல்வரட்ணம். நிலாணி தையல் ஃபாக்ரறியில் பின்னேர வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்றார். இருக்கச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "வந்தனீர் எண்டு சொல்லிவிடுறன்" என்றார் அவர்.

சொன்னாரோ, இல்லையோ. பதில் வரவில்லை. இலைகள் துளிர்க்கிற காலத்தில் விவாகரத்துப் பத்திரங்கள் வந்தன. அதன் பிறகு சனிக்கிழமைகளில் துர்க்காவுக்கு நடன வகுப்பு. பிரவீனன் மட்டும் வந்தான்.