நீர்மாலைக் குடம்

பிரேதத்தைக் குளிப்பாட்டுவதற்கான நான்காவது குடம் குழாயடியில் நிரம்பிக்கொண்டிருந்தபோது, ஐந்தாவது குடத்துக்கு வெளியாள் ஒருவர் கை நீட்டினார். சண்முகநாதன் அதைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீர்மாலைக்குப் பங்காளிக மட்டுந்தாங்க. நீங்க போயி கதிரையில உக்காருங்க.”

ஹபீல் கையை எடுத்துக்கொண்டார். கண்டியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். விடிந்ததிலிருந்து வாசலிலேயே நிற்கிறார். செத்துப்போன அழகரை “நாநா, நாநா” என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைக்கிறார். கூடப்பிறந்த அண்ணன் தான் கல்லுப்போல இங்கே நிற்கையில், எவனோ ஒருவன் தம்பியை அண்ணன் முறை சொல்லி அழுவதைக் கேட்கச் சண்முகநாதனுக்கு நெஞ்சு காந்தியது.

அழகர் நகரசபையில் கிளார்க். ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. நேற்றுக் காலை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவர் அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

“போன மாசந்தான் திருக்கோணமலைக்குப் போயி கோணேசரக் கும்பிட்டுட்டு வந்தான். புண்ணியம் செஞ்ச உசுரு” என்று வந்தவர்களிடமெல்லாம் சண்முகநாதன் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் சற்றுமுன் ஹபீல்தான் கெடுத்தார். சித்தப்பா அழகமுத்துவிடம் போனை நீட்டிப் படம் காட்டினார். கறுப்பு ரப்பர் உடுப்பு, முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் பெரிய கண்ணாடி. உள்ளே அழகர் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் இருவரும் சேர்ந்து பழகினார்களாம். போன மாதம் திருக்கோணமலைப் பக்கம் நிலாவெளியில் முதல்முறையாக நிஜக் கடலுக்குள் இறங்கினார்களாம். முப்பதடி ஆழம்.

“ஏன்டா சம்முகம், கோணேசர் கடலுக்கு அடியிலயா இருக்காரு?” என்றார் சித்தப்பா. நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தம்பி சொன்ன பொய்கூடப் பெரிதாக வலிக்கவில்லை. ஏழு வயதில் மகாவலி ஆற்றில் மூழ்கிச் சாகப்போனவன் அழகர். முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவர் அண்ணன். அதற்குப் பிறகு தீர்த்தம் ஆடுவதென்றாலும் அண்ணன் கையைப் பிடிக்காமல் தண்ணீரில் கால் வைக்கமாட்டான். ‘தண்ணியக் கண்டா என் கையத்தான் தேடுவான்’ என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டவர் சண்முகநாதன். அந்தக் கையின் இடத்தை இந்த ஹபீல் எப்போது பிடித்துக்கொண்டார்?

அழகரின் மனைவி பாலாம்பிகை கதவோரத்தில் வந்து நின்றாள். “பெரியத்தான், அவரும் ஒரு கொடம் எடுக்கட்டுமே.”

“நம்ம குடும்பத்துல வழக்கமில்லம்மா.”

“நீங்க வழக்கமில்லன்னு சொல்லுவீங்கன்னுதான் அவரு உங்ககிட்ட சொல்லாமலே போனாரு.”

அவள் உள்ளே போய்விட்டாள். சண்முகநாதன் ஹபீலின் பக்கத்தில் போய், யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

“கடலுக்குள்ள அவன் கைய நீங்கதான் புடிச்சிருந்தீங்களா?”

“நீட்டினேன், ஐயா. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கொள்ளணும், அதுதான் அங்க சட்டம். நாநா வாணாமெண்டு தலையாட்டினாரு. தனியத்தான் எறங்கினாரு. நான்தான் பயந்துபோய் அவர்ட காலையே பாத்துக்கிட்டு பின்னால போனேன்.”

குடம் நிரம்பி வழிந்து அவர்கள் காலை நனைத்தது. யாரும் குழாயை மூடவில்லை. சண்முகநாதன் ஹபீலின் கைகளைப் பார்த்தார். அவையும் தன்னுடையவை போல வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

ஐந்தாவது குடத்தை ஹபீல் பக்கம் காலால் நகர்த்தினார். நகர்த்தியதும் தப்பென்று பட, குனிந்து எடுத்துக் கையில் கொடுத்தார்.

“செருப்பக் கழட்டிட்டுப் புடிங்க.”

முற்றத்து வாங்குப் பலகையில் அழகரைக் கிடத்தியிருந்தார்கள். சண்முகநாதன் சீயக்காயைக் குழைத்துத் தம்பியின் தலையில் தேய்த்தார். ஹபீல் குடத்தைச் சாய்த்தார். நுரை நெற்றியில் இறங்கியது.

“மெதுவா ஊத்துங்க” என்றார் சண்முகநாதன், மூடியிருந்த அந்தக் கண்களில் சீயக்காய் போய்விடாமல் உள்ளங்கையால் மறைத்தபடி.