சுஹைராவின் வீடு சிறுத்த விதம்

மூன்று வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் இடையில், கிண்ணியாவில் சுஹைராவின் வீடு நான்கு அங்குலம் சிறுத்துப் போனது. அதை முதலில் கண்டுபிடித்தது அவள் புருஷன் அன்ஸாரின் நெற்றிதான். பதினெட்டு வருடம் குனியாமல் நுழைந்து வெளியேறிய அதே வாசல் நிலைக்கட்டையில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் புறப்படும்போது நங்கென்று முட்டிக்கொண்டான். கடற்கரை மண், வீடு கீழே இறங்கியிருக்கும் என்றார் மேசன். வீடு இறங்கினால் கட்டில் ஏன் கட்டையாகிறது, என் கால் ஏன் வெளியே தொங்குகிறது என்று அன்ஸார் கேட்டான். மேசன் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சுஹைரா குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் சின்ன வீடுகள் செய்கிறவள். கட்டாருக்கும் குவைத்துக்கும் போனவர்கள் ஊரில் விட்டுவந்த தங்கள் வீட்டை உள்ளங்கை அளவில் கேட்பார்கள். அவள் அளவு நாடாவோடு போய் அளந்து வருவாள். களிமண்ணில் மூல உருவம் பிடித்து, ஒட்டாமலிருக்க வாசலின் களிம்பு தடவி, மேலே சிலிக்கன் ஊற்றி அச்சு எடுப்பாள். அந்த அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றினால் வீடு வரும். ஒரு வீட்டுக்கு ஒரு வார்ப்புத்தான். பிறகு களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, அச்சைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவாள். ஆள், ஆடு, மாடு எதுவும் செய்யமாட்டாள், உயிருள்ளதுக்கு உருவம் பிடிப்பது மார்க்கத்தில் சரியில்லை என்பாள். வீட்டுக்கு உயிரில்லை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். ஒருநாள் தோஹாவிலிருந்து றிப்தி என்பவன் தொலைபேசி எடுத்து, மேசையில் இருக்கும் சின்ன வீட்டின் கூரை நனைந்திருக்கிறதே, ஊரில் மழையா என்று கேட்டான். மழைதான். அதன்பிறகு வெளிநாட்டிலிருந்து ஊர் மழையைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. அவ்வளவுதான், யாரும் அதைப் பெரிய கதையாக எடுக்கவில்லை.

பெண்பிள்ளைக்குக் கலியாணத்தோடு வீடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவள் சுஹைராவுக்கு உம்மா, தான் இருந்த வீட்டையே கொடுத்தார். இளையவள் சனூஸாவுக்கு அதே வளவில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, வாப்பா அத்திவாரம் போட்டார். சுவர் எழும்ப முன் அவர் மௌத்தானார், பின்னால் உம்மாவும். சனூஸா பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி வந்து ராத்தா சுஹைராவுக்குச் சிலிக்கன் கலக்கிக் கொடுத்தாள். ஏழு வருடம். அந்தக் கையைச் சுஹைரா தன் கை என்றே நினைத்திருந்தாள். அதனால்தான் உம்மாவின் வீட்டையும் ஒன்று ஊற்றி, அலுமாரியில் பூட்டாமலே வைத்திருந்தாள்.

வீடு சிறுக்கத் தொடங்கிய நாட்களில் ஜன்னல் கம்பிகளிலும் ஒரு பிசுக்கு ஏறியது. சவர்க்காரம் போட்டாள், தேசிக்காய் தேய்த்தாள், போகவில்லை. விரலை முகர்ந்து பார்த்தவள் நேரே அலுமாரிக்குப் போய்ச் சின்ன வீட்டை எடுத்தாள். அதன் ஜன்னல் மூலைகளில் வாசலின் பிசுக்கு இருந்தது. வார்ப்பிலிருந்து யாரோ அச்சு எடுத்திருக்கிறார்கள். எடுக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இரண்டு பேர்தான். அன்று அவள் சோறு ஆக்கவில்லை. சொந்தக் கூடப்பிறந்தவள் என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் குசினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வார்ப்பிலிருந்து அச்சு எடுத்தால் அடுத்த வார்ப்பு ஒரு மயிரிழை சிறுக்கும். அதிலிருந்து எடுத்தால் இன்னொரு மயிரிழை. மூலத்திலிருந்தல்லாமல் அச்சு எடுக்காதே என்பது சுஹைரா தங்கச்சிக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். சனூஸாவிடம் மூலம் இல்லை. அச்சு கிழியக் கிழிய வார்ப்பிலிருந்தே புது அச்சு எடுத்து, பட்டணத்துக் கோயில் பாதைக் கடைகளுக்கு உம்மாவின் வீட்டை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கிற மாதிரி, காந்தம் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உல்லாசப் பயணிகளுக்கு அது நல்லாய்ப் பிடித்திருந்தது. வீடு எப்போதும் கடைசி அச்சுக்குத்தான் கட்டுப்பட்டது. அங்கே மயிரிழை என்றால் இங்கே அங்குலம்.

சுஹைரா ஓர்ஸ் ஹில்லுக்குப் போனாள். சனூஸா மறுக்கவில்லை, கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ஓம் ராத்தா, நான்தான் எடுத்தனான். உங்களுக்கு உம்மாட ஊட்டைத் தந்தாங்க. எனக்கு அத்திவாரத்தைத் தந்தாங்க."

"கேட்டிருந்தா நானே ஊத்தித் தந்திருப்பன்."

"ஏழு வருசம் பாத்துக்கொண்டிருந்தனான், கேக்காமத் தருவீங்க எண்டு."

சுஹைரா கையை நீட்டினாள். அச்சைத் தா என்றாள். அது இப்போது தன் கையில் இல்லை, தன்னிடம் பார்த்துப் பழகிய கடைக்காரர்கள் ஆளுக்கொரு அச்சு எடுத்துவிட்டார்கள் என்றாள் தங்கச்சி. சுஹைரா கதிரையில் உட்காராமலே திரும்பினாள்.

அந்த மாரிக் காலத்தில் வீடு இடுப்பளவு வந்தது. அவளும் அன்ஸாரும் கப்பல்துறை என்ற ஊரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார்கள். கிராம சேவகர் வந்து பார்த்து, வீடு இருக்கிறதுதானே என்று வாக்காளர் இடாப்பில் அவர்கள் பெயரை அப்படியே விட்டார். மின்சார சபைக்காரர் முழங்காலில் நின்று பூதக்கண்ணாடியால் மீற்றரைப் பார்த்தார். அடுத்த வருடம், காகம் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கச் சுஹைரா வந்து வீட்டைச் சுளகால் மூடி வைக்கவேண்டியதாயிற்று. பக்கத்தில் சனூஸாவின் அத்திவாரம் மட்டும் அளவு குறையாமல் கிடந்தது.

கடைசியில் தங்கச்சியை வளவுக்கு வரச்சொன்னாள். சனூஸா அழுதுகொண்டே வந்தாள். சுஹைரா உம்மாவின் வீட்டை இரண்டு கையாலும் தூக்கி அத்திவாரத்தின் நடுவில் வைத்தாள். மடியிலிருந்து வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து நீட்டினாள். வீட்டோடு சேர்ந்து சிறுக்காத அந்தத் திறப்பு வீட்டைவிட நீளமாக இருந்தது.

"இந்தா, உம்மாட ஊடு. போய் இரு."

திரும்பிப் பார்க்காமல் கப்பல்துறை பஸ்ஸில் ஏறினாள். இன்றைக்கும் வீடுகள் செய்கிறாள், சிலிக்கனைத் தானே கலக்குகிறாள்.

சனூஸா அந்த அத்திவாரத்தில் தகரக் கொட்டில் அடித்து, நடுவில் வீட்டை வைத்துக்கொண்டு குடியிருக்கிறாள். அந்தியில், மஃரிபுக்குச் சின்ன ஜன்னல்களில் விளக்கு எரியும், சில நாள் உம்மா தாளிக்கிற வாசம் வரும். அவள் தொழுதுவிட்டு, ஊசியில் பஞ்சு சுற்றி ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். வாசலின் இன்னும் போகவில்லை.