குரல் என்றொரு ஃபோல்டர்

காய்கறிச் சந்தையில் அவருக்கு மைக் என்று பெயர். ஏலம் விடுகிற மற்றவர்கள் எல்லோரும் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தபோது, இவர் மட்டும் உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஏறி நின்று வெறும் தொண்டையால் விலை கூவினார். லாரிகள் பின்னால் வரும் சத்தத்தையும் மீறி அது கடைசி வரிசை வரைக்கும் போனது. அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் சொன்னார்.

ஆபரேஷனுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு யோசனை சொன்னார். அன்றாடம் தேவைப்படும் வாக்கியங்களை இப்போதே பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கினால் உங்கள் குரலே பேசும். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டு வந்து அதற்கான புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றினாள். படுக்கையறை ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பேசினார். மனைவி பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தாள். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை செய்கிறவள் என்பதால் அவள் எடுத்துக்கொடுத்ததெல்லாம் பதவிசான வாக்கியங்கள். "தண்ணி வேணும்னு சொல்லுங்க. வலிக்குதுன்னு சொல்லுங்க." அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவர் தன் இஷ்டத்துக்கு ஆரம்பித்தார். "இங்க பாரு, சாவிய எங்க வச்ச?" "உன் தங்கச்சி போனை வைக்கவே மாட்டாளா?" "உன்கிட்ட சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்." மனைவி சிரித்தது சிலவற்றில் பதிவாகியிருந்தது. திரும்ப எடுக்கலாம் என்றாள். அவர் கேட்கவில்லை.

எல்லாம் சேர்த்து ஐந்நூறுக்கும் மேல் இருந்தன. மகள் அவற்றை ஒரே ஃபோல்டரில் போட்டு 'குரல்' என்று பெயர் வைத்தாள். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதிலும் நகல் எடுத்தாள். "காப்பி முடிஞ்சதும் இதைக் கழட்டி பீரோவுல வச்சிரும்மா," என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள். அது கழற்றப்படவே இல்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் சின்ன நீல விளக்கோடு தொங்கிக்கொண்டே இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபின் அந்தக் குரலோடு இருவரும் பழகிக்கொண்டார்கள். மனைவி சமையலறையில் இருந்தால் முன்னறையிலிருந்து "இங்க பாரு" என்று கேட்கும். அவள் "வரேன்" என்பாள். ஒருநாள் சண்டைகூடப் போட்டார்கள். சரியான பொத்தானைத் தேடுவதற்குள் அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட, அவர் மூச்சு வாங்க மேஜையைத் தட்டினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் படுக்கையறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் சந்தை விலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பக்கத்தைத் தொட்டதும் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் மாதிரி ஒரு சத்தம் அலற ஆரம்பித்தது. உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, அணைத்தால் எல்லாம் அழியும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. எந்தப் பொத்தானை அமுக்கியும் போகவில்லை. பேசுங்கள் என்றால் அவர் எப்படிப் பேசுவார். ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டினார். அவள் ஈரக் கையோடு வந்தாள், படித்தாள், போனை எடுத்தாள்.

மறுமுனையில் ஒரு இளைஞன். அவ்வளவு மரியாதை.

"பதட்டப்படாதீங்க மேடம். நல்லவேளை, உடனே கூப்பிட்டீங்க. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர் இருக்காரு. அவரால பேச முடியாது."

"பரவால்ல மேடம், நீங்களே செய்யலாம். நான் சொல்றதை மட்டும் அப்படியே டைப் பண்ணுங்க."

அவன் சொன்னதை அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். சைரன் நின்றது. அவளுக்குப் போன உயிர் வந்தது. அப்புறம் திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது.

அதை அவர்தான் முதலில் கவனித்தார். அவள் தோளைத் தொட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் போனைக் காதில் அழுத்தியபடி, "இருங்க, பேசிட்டிருக்காரு இல்ல," என்றாள். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து எதையாவது தட்டப் பார்த்தார். "கீபோர்டைத் தொடாதீங்க மேடம்," என்றான் அவன். அவள் கணவரின் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

அம்புக்குறி ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்து ஓரிடத்தில் நின்றது.

"இதுல நிறைய ஃபைல் இருக்கே மேடம். என்ன இது?"

"அது அவரோட குரல். ஆபரேஷனுக்கு முன்னாடி பதிவு பண்ணது. அதுக்கு ஒண்ணும் ஆயிடலையே?"

"முக்கியமானதா?"

"வேற இல்லைங்க. அது ஒண்ணுதான்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வாய் திறந்தது, ஆபரேஷனில் மூச்சுக்காகப் போட்ட கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது. அவள், வலிக்கிறது என்பதைப் போலத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் போனுக்குப் போனாள். அவன் இப்போது ஐந்து வருடப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கார்டு எண் கேட்டான். அப்போதுதான் அவளுக்கு ஏதோ இடறியது.

"என் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேங்க."

 அதே மரியாதையோடு, "கேளுங்க மேடம். அதுவரைக்கும் இது இருக்காது," என்றான்.

அவர் எழுந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. இணையப் பெட்டி ஹாலில், டிவிக்குப் பின்னால். அவர் அங்கே போய் அதை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் 'குரல்' காலியாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கும் காலி. திரையில் ஒரு அறிவிப்பு மட்டும்: உங்கள் கோப்புகள் பத்திரமாகப் பூட்டப்பட்டுள்ளன, பணம் அனுப்பினால் சாவி வரும்.

மகள் போனில் அழுதாள், பிறகு கத்தினாள். "ஸ்க்ரீன்ல வர்ற நம்பருக்கு யாரும்மா கூப்பிடுவாங்க? பணம் மட்டும் அனுப்பிடாத. அந்த டிஸ்கைக் கழட்டச் சொன்னேனே." அம்மா எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள். அடுத்த நாள் யாரிடமும் சொல்லாமல் பணம் அனுப்பினாள். பதிலுக்கு, இது பாதிதான், மீதி அனுப்பு என்று வந்தது. அதையும் அனுப்பினாள். அதன்பின் அந்த எண் உபயோகத்தில் இல்லை.

காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட ஏட்டு, அவருக்குப் பேச்சு வராது என்று தெரிந்ததும் காதும் கேட்காது என்று எடுத்துக்கொண்டார். "ஐயா. எவ்வளவு. போச்சு." என்று ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சந்தையில் நூறு பேரை அடக்கியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கண்டுபிடிச்சிருவீங்களா சார்?" என்று அவள் கேட்டாள்.

"எந்த நாட்டுல உக்காந்திருக்கானோ. தகவல் வந்தா சொல்றோம்மா. நீங்க கெளம்புங்க."

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருந்த பெண் லேப்டாப்பையும் டிஸ்க்கையும் வாங்கி வைத்துக்கொண்டு, வார இறுதியில் வரச் சொன்னாள். போனபோது அவள் முகத்திலேயே பாதி தெரிந்துவிட்டது.

"அவன் எதையும் பூட்டவே இல்லம்மா. பூட்டுனாதானே சாவி இருக்கும். அழிச்சிட்டு, பூட்டுனேன்னு பொய் சொல்லியிருக்கான்."

"அப்ப பணம்?"

"ஏமாத்துனதுதான்." அவள் தயங்கினாள். "அன்னைக்கே ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்திருந்தா டிஸ்க்ல இருந்து இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம். நீங்க சாவி வரும்னு ஆன்லயே வச்சிருந்தீங்க. அதுக்குள்ள அந்த எடத்துல வேற என்னென்னமோ எழுதியிருக்கு. லேப்டாப்ல ஒண்ணுமே கிடைக்கல."

டிஸ்க்கிலிருந்து தேறியவற்றை அவள் போட்டுக் காட்டினாள். பெரும்பாலும் கரகரப்பு. நடுவில் ஒரு "...கிட்ட சொன்னேன் பா...". ஒரு இருமல். அப்புறம் ஒரே ஒரு முழுச் சொல், தெளிவாக, அவருடைய குரலில்: "பரவால்ல."

 அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

மகள் வந்தாள். பழைய போன்களைத் துழாவிப் பார்த்தாள். எதையும் போன் போட்டே பேசிப் பழகிய மனிதர், குரல் செய்தி ஒன்றுகூட அனுப்பியதில்லை. லேப்டாப்பைத் துடைத்துப் புதிதாக ஏற்றினாள். எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். வங்கிக்குப் போன் செய்தாள். இனி தெரியாதவன் யாருக்கும் கம்ப்யூட்டருக்குள் வழி விடாதே, சிவப்பாக எது வந்தாலும் முதலில் இணையத்தை அணை, நகலெடுத்த டிஸ்க் எப்போதும் பீரோவுக்குள், என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மா கவனமாகக் கேட்டாள். பீரோவுக்குள் எதை வைப்பது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

போவதற்கு முன் மகள் இயந்திரக் குரல் ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். எழுதினால் வாசிக்கும். அவர் பேசுகிறபடியே "டீ குடு, தல வலிக்குது" என்று அடித்தார். அது தலை வேறு வலி வேறாக உடைத்து, யாரோ செய்தி வாசிக்கிற மாதிரி குழறியது. "புஸ்தகத் தமிழ்ல அடிங்கப்பா, அதுதான் சரியா வரும்," என்றாள் மகள். அவர் அழித்துவிட்டு மறுபடியும் அடித்தார்.

"எனக்குத் தலை வலிக்கிறது. தேநீர் கொடு," என்றது அது.

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. பிறகு அவள் சிரிப்பு எங்கேயோ மாறிப்போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பெட்டியை மூடுவதைப் போலத் திரும்பிக்கொண்டாள்.

மகள் போன பிறகு, மாலையில், அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க. என்மேல கோபமா?"

அவர் லேப்டாப்பைப் பார்த்தார். மீந்த அந்த ஒற்றைச் சொல்லுக்கு, 'பரவால்ல'வுக்கு, மகள் திரையில் ஒரு பொத்தான் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அமுக்கினால் போதும், அவர் குரலிலேயே சொல்லிவிடும். விரல் அதன்மேல் வெகுநேரம் இருந்தது. பிறகு அதை விட்டு நகர்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"கோபம் இருக்கிறது," என்றது யாருடையதோ ஒரு குரல். "உன் மேல் மட்டும் இல்லை. நான் உன்னைத் தடுக்கப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை."

"ஆமாங்க," என்றாள் அவள்.

அடுத்து ஏதாவது எழுதுவார் என்று காத்திருந்தாள். அவர் கீபோர்டின் மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட இருவருமே எழுந்திருக்கவில்லை.