தோற்ற சண்டைக்கு ஒரு வரி

"சுரண்டச் சொன்னால் சுரண்டுறதுதான், பிள்ளை," என்றார் தவச்செல்வன் அண்ணை, கையில் தகட்டோடு.

ஷாஃப்ஹவுசன் நகரில் ஒரு ஏலக்கடை. அண்ணை அங்கே மரவேலை பார்க்கிறவர். நான் ஏலத்துக்கு வரும் சாமான்களைப் பற்றிப் பட்டியல் எழுதுகிறவள். மூன்று மாதச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்பது முதலாளி ஹெர் கெர்பரின் வாயில்.

மேசையில் கிடந்தது பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றின் தேக்குப் பலகை. வென்ற சண்டைகளின் பெயரும் ஆண்டும் பொன்னெழுத்தில். கப்பலில் ஏறுகிற எவன் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருப்பார்கள்.

"கப்பல் கட்டினது 1945 எண்டுறாய். பிறகென்னெண்டு 1797ல சண்டை பிடிச்சது? பேயோ?"

"அதே பேரில முந்தி இருந்த கப்பலுகள் வெண்டதெல்லாம் புதுசுக்கு வரும் அண்ணை. ஒரு குண்டும் சுடாமலே அஞ்சு வெற்றி."

"பிறந்தால் அப்பிடிப் பிறக்கவேணும்!"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எனக்கு முன்னால் ஒரு வரியும் இல்லை. அது கிடக்கட்டும்.

பிரச்சினை ஆறாவது வரி: ஜாவாக் கடல் 1942. அதில் முந்தைய கப்பல் தோற்று மூழ்கியது. தோற்ற சண்டையைக் கடற்படை இப்படிப் பலகையில் ஏற்றாது; அதுதான் விதி. பலகையை விற்கிற ஃப்ரிபூர்க் ஊர்ப் பெண்மணி கடிதத்தில் எழுதியிருந்தார்: "அன்று நீந்தித் தப்பிய என் அப்பா பிறகு இந்தப் பலகையை வாங்கித் தன் கையால் தீட்டிய வரி அது. வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்."

அந்த விதியைத் தேடிப்பிடித்து ஹெர் கெர்பரிடம் பெருமையாக ஒப்பித்ததும் இந்த வாய்தான். "அப்படியானால் சுரண்டுங்கள். பட்டியல் புத்தகத்தின் அட்டைப்படத்துக்குச் சுத்தமாக வேண்டும்," என்றுவிட்டார்.

நான் தகட்டைப் பறித்துக்கொண்டு மாடியில் முதலாளியின் அறைக்கு ஏறினேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்குமாவது வாயைப் பொத்திக்கொண்டு இரன்!" என்று கீழிருந்து கத்தினார் அண்ணை.

சுரண்டக்கூடாது என்றேன். ஹெர் கெர்பர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வரி பொய், ஃப்ராவ் சிவலிங்கம்."

"பொய்யில்லை. கடற்படை எழுதவில்லை, அவ்வளவுதான். குண்டே சுடாத கப்பலுக்கு ஐந்து வரி, மூழ்கின கப்பலில் நின்றவனுக்கு ஒன்றுமில்லையா? சுரண்டினால் பட்டியல் எழுத வேறு ஆளைப் பாருங்கள்."

"இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக."

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "பட்டியலில் எப்படிப் போடுவீர்கள், எழுதுங்கள்." நின்றபடியே எழுதினேன்: "ஐந்து வரிகள் கடற்படை தந்தவை. ஆறாவது, தோற்றவர்களில் ஒருவர் தானே எழுதியது."

இரண்டு தரம் வாசித்தார். "உண்மைதான். ஆனால் அட்டைக்கு ஆகாது. கடைசிப் பக்கம்." நான் கதவடிக்குப் போனதும், "திங்கள் எட்டு மணிக்கு வாருங்கள். நிரந்தர ஒப்பந்தம் மேசையில் இருக்கும்," என்றார்.

கீழே அண்ணை படியடியிலேயே நின்றார். "என்னவாம்? துரத்திப்போட்டானோ?"

"எனக்கு வேலை. பலகைக்குக் கடைசிப் பக்கம்."

"அப்ப அந்த வரி?"

"இருக்கும்."

"ஓமோ? அப்ப தள்ளி நில். வெளிச்சத்தை மறைக்காதை."

துணியில் மெழுகைத் தொட்டு, அடியில் இருந்த ஆறாவது வரியிலிருந்து துடைக்கத் தொடங்கினார்.