நான் நீக்கிய மூன்று வரிகள்

சர்வேயர் கதவைத் தட்டவில்லை, உதைத்தார். காலை பத்து மணி. தாழ்ப்பாள் பெயர்ந்து எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. அவர் கையில் நிலத்தின் எல்லையில் அடிக்கும் இரும்பு முளை இருந்தது.

"துடைப்பான் எழுதின வீடு இதுதானே?"

இதுதான். பழைய கோப்புகளை அழித்துக் கணினி வட்டில் இடம் உண்டாக்கும் கட்டளை நிரல் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இருபது வருடமாக அதன் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எங்கள் குடும்பப் பெயர் நிற்கிறது. லினக்ஸில் மட்டும் ஓடியதை மற்ற யூனிக்ஸ் வகைக் கணினிகளிலும் ஓடவைக்க என் மகளின் கணவர் எட்டு மாதம் உழைத்தார். புதிய பதிப்பு வெளியாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"பதினோரு வருஷம் வெயில்ல நின்னு அளந்த கணக்கெல்லாம் போச்சு. நகல் வெச்சிருந்த வட்டும் அதே மெஷின்லதான் மாட்டியிருந்துச்சு. பேருக்கேத்த மாதிரி துடைச்சிட்டீங்கய்யா! பளபளன்னு இருக்கு!"

முளை முதலில் திரையில் இறங்கியது. கண்ணாடிச் சில்லுகள் என் மடியில் கொட்டின.

"சார், உங்க மெஷின்ல என்ன ஓடுது?" என்றார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. உயிர் போகிற நேரத்திலும் அவருக்கு அந்தக் கேள்விதான் வந்தது.

"பழைய பிஎஸ்டி யூனிக்ஸ். அதுலயும் ஓடும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

மாப்பிள்ளையின் முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தார். உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்.

எனக்கும் புரிந்துவிட்டது. எந்தக் கோப்புறையைத் துடைக்க வேண்டுமோ அதன் முழு முகவரியை நிரல் கணினியிடம் கேட்கும். நான் கேட்ட விதம் லினக்ஸுக்குத் தெரியும், அவருடைய கணினிக்குத் தெரியாது. அது பதில் சொல்லாமல் இருந்துவிடும். முகவரி காலியானால் மிஞ்சுவது ஒரு சாய்கோடு. சாய்கோடு என்றால் மொத்தக் கணினியும். இப்படி ஆகும் என்று மாப்பிள்ளை மூன்று வரி எழுதியிருந்தார்: முகவரி காலியாக வந்தால் அங்கேயே நின்றுவிடு. வெளியிடுவதற்கு முந்தைய நாள் அவற்றை நான் நீக்கினேன். "என் நிரல் நொண்டியா, ஊன்றுகோல் கொடுக்க?" என்று கேட்டேன். அவர் இரண்டு முறை வாதாடினார். மூன்றாம் முறை, இது யார் வீட்டு நிரல் என்று நினைவுபடுத்தினேன்.

"எவன்டா எழுதினது?"

"வெளியிட்டது நான்தான் சார்," என்றார் மாப்பிள்ளை.

முளை அவர் தோளில் விழுந்தது. அவர் தடுமாறி மேசையைப் பிடித்தார். அவருடைய வலது கை மேசைமேல் விரிந்து கிடந்தது. சர்வேயர் மறுபடி ஓங்குவதையும் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். தவறு மாப்பிள்ளையுடையது என்றால் அடுத்த பதிப்பில் சரியாகிவிடும், என்னுடையது என்றால் இருபது வருடப் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கை எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. விசைப்பலகையின் பொத்தான்கள் ரத்தத்தோடு தரையில் சிதறின.

"நிறுத்துய்யா! அவர் போட்ட தடுப்பை எடுத்தவன் நான். யார் எதை மாத்தினாங்கங்கிற பதிவுல என் பேர் இருக்கு, போய்ப் பாரு," என்றேன்.

"பெரியவரே, மாப்பிள்ளைய காப்பாத்த கதை விடாதீங்க."

"எங்க வீட்ல கதை விடுற பழக்கம் இல்ல."

அடுத்த அடி என் கழுத்தெலும்பில். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் ஓடிவந்து சர்வேயரைக் கீழே தள்ளினார்கள். ஒருவன் செருப்புக் காலால் அவர் முகத்தை மிதித்தான். பல் உடைந்தது.

"விடுங்கடா! தப்பு எங்க வீட்டுது!" என்று நான் கத்திய பிறகும் இரண்டு மிதி விழுந்தது.

மாப்பிள்ளையின் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று எலும்பு மருத்துவர் சொன்னார். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் சொல்லச் சொல்ல மகள் அறிவிப்பைத் தட்டச்சு செய்தாள்: இந்தப் பதிப்பை யாரும் ஓட்ட வேண்டாம், தவறு என்னுடையது. கீழே என் முழுப்பெயர்.

அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "இதையே முதல் அடி விழுந்தப்ப சொல்லியிருந்தா கை போயிருக்காதுல்லப்பா?"

"போயிருக்காது."

அவள் அந்த மூன்று வரிகளையும் மறுபடி சேர்த்தாள், தன் கணவர் பெயரில். பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை இருந்தது. நான் உட்கார அதை அவள் எடுக்கவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.