யாருக்கு எந்தக் களிம்பு

சர்க்கரை நோயாளிகளின் காற்புண்ணுக்கு வந்த புதுக் களிம்பைப் பல ஊர்களோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரி ஒன்றிலும் ஒன்றரை வருடம் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே நர்ஸ் சிவரஞ்சனிதான் அதற்குப் பொறுப்பு. அறுபது பேரில் பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் களிம்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. கடைசியில் மருந்துக் களிம்பே ஜெயித்தது. அனுமதி வாங்கிக் கடைக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு கம்பெனி அனுப்பிய பட்டியலில், முத்துசாமி பெயருக்கு நேரே ‘மருந்து’ என்றிருந்தது.

இரண்டு முறை படித்தாள். மனசில் எதுவும் அசையவில்லை.

ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரி போடுகிறவர் முத்துசாமி. சோதனை தொடங்கிய நாலாம் மாதமே அவருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. “எனக்கு வெறும் களிம்புதாம்மா வந்திருக்கும், நம்ம ராசி அப்படி” என்று சிரிப்பார். அப்படித்தான் இருக்கும் என்று சிவரஞ்சனியும் நம்பியிருந்தாள். முடிவு தெரிந்தால் சொல்லச் சொல்லியிருந்தார். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார் முத்துசாமி. அவர் மனைவி பொன்னுத்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“ஐயா, உங்களுக்கு வந்தது நெசமான மருந்துதாங்க.”

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்ப நாந்தான் சரியாக் கட்டலையா?” என்றாள் பொன்னுத்தாய். “தெனம் ரெண்டு வேள வெந்நி வச்சுக் கழுவித்தானே போட்டேன்?”

“உங்க மேல தப்பே இல்லீங்கம்மா. மருந்து போட்ட முப்பது பேருல ஒம்பது பேருக்கு ஆறல. ரத்த ஓட்டம் கொறஞ்சா எந்த மருந்தும் கேக்காது.”

பாடம் ஒப்பிப்பது போல் சொல்லி முடித்தாள். தன் குரல் யாருடையதோ போல் அவளுக்கே கேட்டது.

பிறகு பொன்னுத்தாய் கணவனின் வேட்டியை ஒதுக்கினாள்.

“இந்தக் காலுலயும் குதிகாலு வெடிச்சிருக்கு. அந்தக் களிம்பு கடையில கெடைக்குதாம்ல, வாங்கிப் போடவா?”

முத்துசாமி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சிவரஞ்சனி தரையில் உட்கார்ந்து குதிகாலைக் கையில் ஏந்தினாள். வெடிப்பு ஆழமில்லை, ஓரம் மட்டும் கறுத்திருந்தது. பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினாள். மெல்லியதாகத்தான் கிடைத்தது.

“களிம்பு அப்பறம் பாத்துக்கலாம். நாளைக்கே பெரம்பலூர் கூட்டிட்டு வாங்க, மொதல்ல ரத்த ஓட்டத்தப் பாத்துரலாம்.”

“வரோம்” என்றாள் பொன்னுத்தாய்.

முத்துசாமி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.