பெட்டி விழிக்கும் முன்

அறையில் இருந்தவர்கள்: முதலாளி பூவனலிங்கம், ஆபரேட்டர் சங்கிலிப்பாண்டி, கூட்டித் துடைக்கும் வேலுத்தாய், இரவுக் காவல் முடிந்தும் வீட்டுக்கு விடப்படாத நான். ஐந்தாவதாக, தீப்பெட்டி இயந்திரங்களுக்கு அச்சு வெட்டும் கம்ப்யூட்டர் மெஷின். கோயம்புத்தூரிலிருந்து பழசாக வாங்கி வந்து எட்டு மாதம்.

1986, விஜயதசமி காலை. ஆயுத பூஜைக்கு ஒரு நாள் நிறுத்தி வைத்த மெஷின் எழ மறுத்தது. கண்ட்ரோல் பெட்டியில் விளக்கு எரிந்தது. திரையும் எரிந்தது. ஆனால் திரையில் ஒரே ஓர் ஆங்கில வரி: மறுமுனையிலிருந்து பதில் இல்லை.

"ஈரத்துணி வச்சுத் துடைச்சிருக்கா, தண்ணி உள்ள போயிட்டு," என்றார் முதலாளி. "ஏட்டி, மத்தியானத்துக்குள்ள இது ஓடலன்னா நாளைக்கு இந்தப் பக்கமே வரப்படாது."

"காஞ்ச துணிதான் மொதலாளி." கதவோரம் நின்று சொன்னாள் வேலுத்தாய். யாரும் காதில் வாங்கவில்லை.

"ஏலே பாலிடெக்னிக்கு, பாதியில விட்டாலும் மீட்டர் புடிக்கத் தெரியும்லா? பாரு," என்றான் சங்கிலிப்பாண்டி என்னிடம்.

பெட்டிக்கும் திரைக்கும் நடுவே கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள். இரண்டு முனைகளையும் கழற்றினேன். உள்ளே ஈரம் இல்லை, கரிசல் தூசிகூட இல்லை. இருபத்தைந்து கம்பிகளையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். எதுவும் அறுந்திருக்கவில்லை.

"தண்ணி போகல மொதலாளி."

"அப்பம் ஏன் பேச மாட்டேங்குது?"

கேபிளைத் திரும்ப மாட்டினேன்.

விஜயதசமியன்று முதலாளி கைதான் ஸ்விட்சைத் தொட வேண்டும். முதலில் வெளிச்சம் வர வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. அதனால் அவர் திரையைப் போட்டார், சூடம் காட்டினார், அதன் பிறகு பெட்டியைப் போட்டார். காலையிலிருந்து இது நான்காவது தடவை. அதே வரி.

"தம்பி," என்றாள் வேலுத்தாய். "தெனமும் பெட்டிதான் மொதல்ல உறுமும். நான் அந்த மூலையக் கூட்டி முடிச்ச பெறவுதான் திரை வரும். இன்னைக்கு மாத்தி வருது."

"இவிய பெரிய இன்ஜினீயரு," என்று சிரித்தான் சங்கிலிப்பாண்டி. தினமும் அந்த வரிசையில் ஸ்விட்ச் போடுகிறவன் அவன்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது: திரை விழித்த உடனே பெட்டியைக் கூப்பிடுகிறது. பெட்டி இன்னும் விழிக்கவில்லை. சில நொடி பார்த்துவிட்டுத் திரை விட்டுவிடுகிறது. அப்புறம் கூப்பிடுவதே இல்லை.

முதலாளி வாய் திறக்குமுன் இரண்டையும் அணைத்தேன். பெட்டியைப் போட்டேன். உள்ளே விசிறி உறுமியது. ஒரு மூலையைக் கூட்டும் நேரம் நின்றேன். திரையைப் போட்டேன்.

பெட்டிக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறித் துடித்தன. ஒன்று கேட்க, மற்றது சொல்ல, ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் எத்தனை நூறு கேள்வி, எத்தனை நூறு பதில்! திரை முழுக்க எண்கள் நிறைந்தன. சாமி கும்பிடும் பழக்கம் எனக்கில்லை. அன்று மெஷின் முன்னால் வாயைப் பிளந்து நின்றேன். அதைவிட, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி எட்டு மாதமாக இதைக் காதாலேயே படித்திருக்கிறாள் என்பது என்னை அசைத்தது.

"பேசுதுலே!" என்று கத்தினான் சங்கிலிப்பாண்டி.

முதலாளி மெஷினைக் கும்பிட்டார். வேலுத்தாயைப் பார்க்காமலே சொன்னார்: "வேலைக்கு வா. வெளிய வாசலைப் பெருக்கு. கூட்ட வந்தவ மெஷினுக்குப் பாடம் சொல்ல வேண்டாம், இனிமே இந்த ரூமுக்குள்ள வரப்படாது."

"அப்பம் அந்த மூலைய யாரு கூட்டுவா?"

முதலாளி அறைச் சாவியை என்னிடம் நீட்டினார். வேலுத்தாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.